வின்டேஜ் ஷாம்பெயினும் செட்டிநாட்டு இலையும்: எந்தப் பலகாரம், எந்தக் கறி அதனோடு சேரும்?

கேள்வி (தேவகோட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பாரிஸில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் இந்தச் சித்திரையில் விடுமுறைக்கு ஊர் வந்தபோது 2008 என்று ஆண்டு பொறித்த ஷாம்பெயின் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து தந்திருக்கிறான். முன்பக்கச் சீட்டில் 'ப்ளாங் த ப்ளாங்' என்றும் 'ப்ரூட்' என்றும் அச்சிட்டிருக்கிறது. பின்பக்கத்தில் கசடு நீக்கிய ஆண்டு 2018 என்று காணப்படுகிறது. அவன் திரும்பிச் செல்வதற்குள் ஒருநாள் இரவு வீட்டில் நெருங்கிய உறவினர் ஐந்து பேர் மட்டும் அமர்ந்து உண்பதாக இருக்கிறோம். அன்றைக்கு வெள்ளைப் பணியாரம், கோலா உருண்டை, தொண்டியிலிருந்து வரும் நண்டில் ஒரு மசாலா, நாட்டுக்கோழி வறுவல், பிறகு இடியாப்பம், இறுதியில் கந்தரப்பமும் கவுனி அரிசியும் என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

விருந்தினர் வந்தவுடன் முகப்பிலேயே கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்து முடித்துவிடலாம் என்பது மருமகனின் யோசனை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைக்கப்பட்ட ஒன்றை அப்படிப் பத்து நிமிடங்களில் தீர்த்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. சாதாரண ஷாம்பெயினுக்கும் இதற்கும் குணத்தில் உள்ள வேறுபாடு என்ன, மேற்சொன்னவற்றுள் எதனோடு இதைப் பரிமாறினால் இரண்டுக்கும் பெருமையாக இருக்கும், இந்த வெயிலில் எப்படிப் பாதுகாப்பது என்பதை அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 (காரைக்குடியிலிருந்து, பிரான்சில் ஒயின் வணிகத்தில் பணியாற்றித் திரும்பியவர்)

ஐயா, உங்கள் மனம் சொல்வதே சரி. அந்த பாட்டில் முகப்பில் நின்றுகொண்டு அருந்துவதற்கு உரியது அன்று. இலை போட்டு உட்கார்ந்தபின், உணவோடு சேர்த்து மெதுவாக அருந்துவதற்கு உரியது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அது உருவான விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஷாம்பெயின் விளையும், பிரான்சின் வடகிழக்கிலுள்ள ரான்ஸ், எபர்னே பகுதி ஏறக்குறைய 49 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. திராட்சை முழுமையாகப் பழுப்பதற்கு அது கிட்டத்தட்ட எல்லை நிலம். ஓராண்டு பனியும் மழையும் கெடுத்துவிடும், மற்றோர் ஆண்டு வெயில் மிகுந்துவிடும். ஆகவே அங்குள்ள நிறுவனங்கள் பல ஆண்டுகளின் ஒயினைச் சேமித்து வைத்து, அவற்றைக் கலந்து, எந்த ஆண்டில் வாங்கினாலும் ஒரே சுவை கிடைக்குமாறு தயாரிக்கின்றன. கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது இந்த வகைதான். விளைச்சல் மிக நன்றாக அமைந்த ஆண்டுகளில் மட்டும், அந்த ஓராண்டின் திராட்சையை மட்டுமே கொண்டு ஆண்டைப் பொறித்து வெளியிடுவது வின்டேஜ். ஆண்டு பொறிக்காததை 15 மாதங்களில் வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. வின்டேஜ் பாட்டிலில் இறங்கியபின் குறைந்தது 36 மாதங்கள் நிலவறையில் கிடக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் இதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகவே வைத்திருக்கும். உங்களுடையது 2018 வரை கசடோடு இருந்திருக்கிறது என்பதிலிருந்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் காத்திருப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் இதன் குணத்தை முடிவு செய்கிறது. ஏற்கெனவே புளித்து ஒயினாகிவிட்ட சாற்றை பாட்டிலில் நிரப்பும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வெளியிடும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைகிறது. உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் இறந்து அடியில் கசடாகப் படிந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைந்து தன் புரதங்களையும் பிற சத்துகளையும் ஒயினுக்குள் விடுகிறது. ஒயின் வாயில் வழவழப்பாக உணரப்படுவதும், குமிழ்கள் நாக்கைக் குத்தாமல் மென்மையாக எழுவதும், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மணம் தோன்றுவதும் இதனால்தான். பிறகு பாட்டிலைத் தலைகீழாக்கிக் கசடைக் கழுத்துப் பகுதிக்குக் கொண்டுவந்து, அந்தப் பகுதியை மட்டும் உறையவைத்து வெளியேற்றி, புதிய தக்கையை இட்டு மூடுகிறார்கள். அதன்பின் வேறு வகையான முதிர்ச்சி தொடங்குகிறது: வறுத்த ஹேசல் கொட்டை, தேன், உலர்ந்த பழம் ஆகியவற்றின் சாயல்கள் வரும். வெண்ணெயைக் காய்ச்சும்போது அடியில் கசடு பொன்னிறமாகும் அந்தச் சில நொடிகளில் சமையலறையில் எழும் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வின்டேஜின் மணம் அதற்கு மிக அருகில் இருக்கும்.

உங்கள் பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல இரண்டு செய்திகள் உண்டு. 2008 இல் அப்பகுதியில் கோடை குளிர்ச்சியாகவும் மந்தமாகவும் இருந்தது. செப்டம்பரில் வானம் வெளுத்து வறண்ட வெயில் அடித்தது. அதனால் திராட்சை நிதானமாகப் பழுத்தது, புளிப்பும் குறையவில்லை. 2003 இன் கடும் வெப்பத்தில் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கி, புளிப்பு குன்றிய, கனமான ஒயின்கள் வந்தன. 2008 அதற்கு நேர் எதிர். அந்த உறுதியான புளிப்புதான் இத்தனை ஆண்டுகள் இதைத் தாங்கி நிற்கிறது. அடுத்தது, 'ப்ளாங் த ப்ளாங்' என்பது வெள்ளைத் திராட்சையிலிருந்து மட்டும் செய்தது; நடைமுறையில் அது பெரும்பாலும் ஷார்டனே. சுண்ணாம்பு மண்ணில் விளையும் இந்தத் திராட்சை இளமையில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் சாயலோடு கூர்மையாக இருக்கும். முதிர்ந்தபின் வெண்ணெய்த்தன்மையும் கொட்டைகளின் மணமும் கூடும். கருந்திராட்சையான பினோ நுவார் மிகுந்த வின்டேஜ் வாயில் இதைவிடக் கனமாக இருக்கும். இந்த வேறுபாடு உணவைத் தேர்ந்தெடுக்கும்போது முக்கியமாகிவிடும்.

இனி உணவு. உப்பும் எண்ணெயும் இந்த ஒயினுக்கு நண்பர்கள். ஒயினின் புளிப்பு எண்ணெய்ப் பசையை வெட்டி வாயைத் துப்புரவாக்க, உப்பு அந்தப் புளிப்பின் கூர்மையைத் தணிக்கிறது. மிளகாயோ பகை. மிளகாயின் காரப்பொருள் வாயிலுள்ள வெப்ப உணர்விகளைத் தூண்டுகிறது, ஏறத்தாழ 12 சதவீத ஆல்கஹால் அதே உணர்விகளை இன்னும் கூர்மையாக்குகிறது, குமிழ்களின் சுறுசுறுப்பும் அதன்மேல் சேர்ந்துகொள்கிறது. எரிச்சலில் நுண்மணங்கள் எவையும் தெரியாமல் போய்விடும். புளி மிகுந்த குழம்பு ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும். இனிப்பு அதற்கு மாறாக, லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகவே சர்க்கரை உள்ள ப்ரூட்டை வெறும் புளிப்பும் கசப்புமாக மாற்றிவிடும். எனவே கந்தரப்பமும் கவுனி அரிசியும் இலைக்கு வருவதற்கு முன் பாட்டில் காலியாகியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மற்றொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். 750 மில்லிலிட்டர் பாட்டிலில் 125 மில்லிலிட்டர் வீதம் ஆறு கோப்பைகள்தான் வரும். ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒன்று, மேலே ஒரு மிச்சம். அந்த அளவை ஆறு ஏழு பதார்த்தங்களுக்குப் பங்கிடுவது வீண். இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுத்து அவற்றை முதலில் பரிமாறச் செய்யுங்கள். என் தேர்வு வெள்ளைப் பணியாரமும் நண்டும். நண்டை மட்டும் மசாலாவாகச் செய்ய வேண்டாம்.

மறுமொழி 2 (கானாடுகாத்தானிலிருந்து, விருந்தினர்களுக்குச் சமைத்துப் போடும் ஆச்சி)

தம்பி, முன்னவர் சொன்னதை அடுப்படியில் எப்படிச் செய்வது என்று நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தங்க வரும் வெளிநாட்டு விருந்தினர்கள் தங்கள் ஒயினைத் தாங்களே கொண்டுவருவார்கள்; எதைச் சாப்பிடும்போது அவர்கள் முகம் மலர்கிறது, எதைச் சாப்பிட்டபின் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தை வைத்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். புளிக்க விடக் கூடாது. உப்பும், சிறிது பாலும், ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துக் கரைத்து, ஒரு நேரத்தில் ஒரு கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றி, நிறம் மாறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு பஞ்சாகவும் இருக்கும் இந்தப் பணியாரத்தில் காரம், புளிப்பு, மசாலா எதுவும் கிடையாது; அரிசியும் உளுந்தும் எண்ணெயில் வெந்த மணம் மட்டுமே உண்டு. அந்த ஒயினின் மணத்துக்கு வழிவிட்டு நிற்கும் பலகாரம் நம் ஊரில் இதைவிட வேறு இல்லை என்பது என் தீர்மானம். ஆனால் வழக்கமாக இதற்குத் தொட்டுக்கொள்ளும் வரமிளகாய்த் துவையலை அன்று இலையில் வைக்கவே வைக்காதீர்கள். தேங்காயும் பொட்டுக்கடலையும், விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒன்றும், உப்பும் சேர்த்துக் கெட்டியாக அரைத்த துவையல் போதும். புளி வேண்டாம், பெருங்காயமும் வேண்டாம். பணியாரத்தைச் சுட்டு அடுக்கி வைத்தால் எண்ணெய் இறங்கித் துவண்டுவிடும். கோப்பையில் ஊற்றும் நேரமும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும்.

நண்டுக்குத் தக்காளி சேர்க்காதீர்கள், மிளகாய்த்தூளும் சேர்க்காதீர்கள். நண்டை உடைத்துச் சுத்தம் செய்து, கொஞ்சம் நெய்யில் சோம்பு தாளித்து, நிறைய உரித்த சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டாம் தேங்காய்ப்பாலில் நண்டை வேகவிட்டு, இறக்குமுன் கெட்டியான முதற்பாலும் அப்போது இடித்த மிளகு கால் கரண்டியும் சேர்த்தால் போதுமானது. மிளகும் காரம்தானே என்று கேட்பீர்கள். அளவோடு போட்டால் அதன் காரம் மிளகாயைப் போல வாயில் தங்கி எரிவதில்லை, மணமும் தருகிறது. தொண்டிக் கடல் நண்டின் சதையில் இயல்பாகவே ஓர் இனிப்பு இருக்கிறது. தேங்காய்ப்பாலும் அதுவும் சேரும்போது அந்த ஒயினின் புளிப்பு அழகாக எடுபடும். இடியாப்பத்தையும் அப்போதே பரிமாறிவிட்டால் அந்தப் பாலை அது ஏந்திக்கொள்ளும்.

நாட்டுக்கோழி வறுவலைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பாட்டில் முடிந்தபின் கொண்டுவாருங்கள். நம் ஊர் வறுவலின் பெருமையே அதன் காரத்தில் இருக்கிறது. ஒயினுக்காக அதன் காரத்தைக் குறைத்து, வறுவலும் ஆகாமல் குருமாவும் ஆகாமல் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

மறுமொழி 3 (பள்ளத்தூரிலிருந்து)

ஆச்சி சொன்ன பணியாரத்தையும் நண்டையும் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் கோலா உருண்டையை இருவரும் ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்துபோனதை ஏற்க முடியவில்லை. கொத்துக்கறி, பொட்டுக்கடலை, தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை ஆகியவற்றை அரைத்து உருட்டிப் பொரிக்கும் கோலாவில் எண்ணெய், உப்பு, வறுத்த மணம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒயினுக்கு வேண்டியவையாக மேலே சொல்லப்பட்டவையும் இவையே. மிளகாயைப் பாதியாகக் குறைத்தால் கோலாவின் குணம் கெடுவதில்லை, ஏனெனில் அதைத் தாங்குவது சோம்பும் கசகசாவும்தான். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே வெறும் காரம் என்ற எண்ணம் வெளியூர் உணவகங்கள் பரப்பியது. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு ஆகியவற்றின் மணத்துக்கும் முதிர்ந்த ஒயினின் மணத்துக்கும் பகை கிடையாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆட்டுக்கறிக்கு எதிரே நிற்க ஷார்டனே மட்டும் உள்ள ஒயின் கொஞ்சம் மெலிவுதான். பினோ நுவார் மிகுந்த வின்டேஜாக இருந்தால் கோலாவை முதலிடத்தில் வைப்பேன். உங்கள் பாட்டிலுக்கு அது மூன்றாம் இடம் பெறட்டும்.

வறுவலோடும் குமிழ் ஒயின் வேண்டும் என்று யாராவது விரும்பினால் அதற்கு விலையுயர்ந்த வின்டேஜைச் செலவிட வேண்டியதில்லை. நாசிக் பகுதியில், பாட்டிலிலேயே இரண்டாம் முறை நொதிக்கவைக்கும் அதே முறையில் நல்ல ஒயின்கள் செய்கிறார்கள். அவற்றுள் சற்றே இனிப்பு கூடியதாகத் தேர்ந்தெடுத்து நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். சீட்டில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றிருந்தால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும் என்று பொருள். அந்த இனிப்பு மிளகாயின் எரிச்சலைச் சற்று ஆற்றும்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பணியாரம், அடுத்து தேங்காய்ப்பால் நண்டு என்று வரிசையை மாற்றிவிட்டேன். கோலாவைக் காரம் குறைத்துச் செய்து, கடைசி மிடறுகளோடு சுவைத்துப் பார்க்கிறோம். என் அக்காள் அசைவம் உண்பதில்லை; அவர் இலைக்கு நண்டின் இடத்தில் எதை வைப்பது? பாட்டிலை இப்போது குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் படுக்கவைத்திருக்கிறேன். அது போதுமா, திறப்பதில் கவனிக்க வேண்டியவை யாவை என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 4 (கானாடுகாத்தான் ஆச்சி)

அக்காளுக்கு இடியாப்பத்தோடு வெள்ளைக் குருமா வையுங்கள். முந்திரி, கசகசா, தேங்காய் அரைத்துவிட்டு, உருளைக்கிழங்கும் பட்டாணியும் மட்டும் போட்டு, மிளகாய்க்குப் பதில் இஞ்சியைக் கொஞ்சமாகச் சேர்த்தால் நண்டுக்குச் சொன்ன பொருத்தம் ஏறக்குறைய முழுவதும் இதற்கும் வரும். காளான் நல்லதாகக் கிடைத்தால், வெண்ணெயில் நீர் சுண்டும்வரை வதக்கி, உப்பும் மிளகும் தூவிக் கொடுங்கள். முதிர்ந்த ஒயினில் ஒரு காளான் மணம் இருப்பதாக விருந்தினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாழைப்பூக் கோலாவும் செய்யலாம். பூவின் துவர்ப்பு போகுமாறு மோரில் ஊறவைத்து, வேகவைத்துப் பிழிந்துவிடுங்கள். துவர்ப்பு மிஞ்சினால் ஒயின் கசக்கும்.

மறுமொழி 5 (காரைக்குடி)

கோலாவைப் பற்றிப் பள்ளத்தூர் நண்பர் சொன்னது நியாயம். மூன்றாம் இடம் என்பதில் எனக்கும் உடன்பாடு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ரான்ஸ் நகரின் கீழே சுண்ணாம்புக் கல்லில் குடைந்த நிலவறைகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருப்பவை. நம் பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் கோடையில் எவ்வளவு குளிர்ச்சி தந்தாலும் உள்ளறைகூட அதற்கு அருகில் வராது. ஆகவே சில வாரங்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் காய்கறித் தட்டே சிறந்த இடம். மாதக்கணக்கில் வைக்க எண்ண வேண்டாம்.

பரிமாறும்போது 10 முதல் 12 டிகிரி இருக்கட்டும். சாதாரண ஷாம்பெயினைப் போல மிகவும் குளிரவைத்தால் இத்தனை ஆண்டுகள் சேர்ந்த மணம் எழும்பாமல் அடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பதினைந்து நிமிடங்கள் முன்னதாக எடுத்து வைத்தால் நம் ஊர் வெப்பத்துக்குப் போதுமானது. அதன்பின் பாட்டிலை, பாதி பனிக்கட்டியும் பாதித் தண்ணீரும் உள்ள வாளியில் அவ்வப்போது வைத்து எடுங்கள். தண்ணீரில்லாமல் பனிக்கட்டியை மட்டும் நிரப்பினால் குளிர் சரியாக ஏறாது. ஒரு கோப்பையை ஒரே தடவையில் நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு வீதம் ஊற்றிக் கொடுத்தால் சூடேறுவதற்குள் அருந்திவிடலாம்.

நீண்டு ஒடுங்கிய கோப்பை வேண்டாம். வாய் சற்றே குவிந்த, வயிறு அகன்ற சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையே மணத்துக்கு ஏற்றது. அதில் சோப்பு எச்சம் இருந்தால் நுரை எழாது. வெந்நீரில் மட்டும் கழுவிப் பருத்தித் துணியால் துடையுங்கள். துணியிலிருந்து ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத இழைகளிலிருந்துதான் குமிழ்ச் சரங்கள் புறப்படுகின்றன. வயது முதிர்ந்த ஒயினில் குமிழ்கள் குறைந்து நிதானமாக எழுவது குறையன்று.

திறக்கும்போது பாட்டிலை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். கம்பிக் கூண்டைத் தளர்த்திய கணத்திலிருந்து கட்டைவிரல் தக்கையின் மேலேயே இருக்க வேண்டும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கையால் தக்கையை இறுகப் பற்றிக்கொண்டு, மறு கையால் பாட்டிலின் அடிப்பகுதியைத் திருப்புங்கள். தக்கை வெளிவரத் துடிக்கும்போது அழுத்தித் தடுத்து, மெல்லிய பெருமூச்சுபோல் வாயுவை வெளியேற விடுங்கள். வெடிச் சத்தத்தோடு திறந்தால் நுரையாகப் பொங்கி ஒரு கோப்பை அளவு தரையில் போய்விடும். ஐந்து பேருக்கு ஆறு கோப்பைகள் உள்ள இடத்தில் அது பெரிய இழப்பு. ஆறாவது கோப்பையை உடனே பங்கிட்டுவிடாமல் ஷாம்பெயினுக்குரிய இறுக்கமான மூடியை இட்டு மீண்டும் குளிரில் வைத்தால், கோலா உருண்டை இலைக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு மிடறு கிடைக்கும்.